போர்டு மீட்டிங்கில் பனிக்கரடி

போன வருடம் எங்கள் நிறுவனத்தின் இயக்குநர்களுக்கு அரை நாள் சுற்றுச்சூழல் பயிற்சி நடந்தது. ஏற்பாடு செய்தவர்களில் நானும் ஒருவன், அதனால் குறை சொல்லும் உரிமை எனக்குக் கொஞ்சம் உண்டு. முதல் ஸ்லைடு பனிக்கரடி. அடுத்தது, ஏறிக்கொண்டே போகும் வெப்பநிலைக் கோடு. அப்புறம் பாரிஸ் காலநிலை ஒப்பந்தம், அதன் 1.5 டிகிரி வெப்ப உயர்வு வரம்பு, நிறுவனத்தின் கார்பன் வெளியேற்றத்தை மூன்றாகப் பிரிக்கும் ஸ்கோப் 1, 2, 3. நடுவில் டீ. கடைசியில் சான்றிதழ், குரூப் போட்டோ. அந்தப் போட்டோ ஆண்டறிக்கையில் முழுப் பக்கத்துக்கு வந்தது.

அடுத்த மாதம் போர்டு மீட்டிங். உற்பத்திப் பிரிவு ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. பாகங்களைக் கழுவிய வெந்நீரைச் சாக்கடைக்கு விடாமல், வடிகட்டி அதே தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் அமைப்பு. போட்ட பணம் திரும்ப 4 வருடம் ஆகும் என்று கணக்கு. எங்கள் விதியோ 3 வருடம். "அடுத்த வருடம் பார்க்கலாம்" என்று ஐந்து நிமிடத்தில் தள்ளிவிட்டார்கள். பனிக்கரடியைப் பார்த்து உச்சுக்கொட்டிய அதே ஆட்கள்தான்.

அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. சரி, அன்றைக்கு இருந்தது. ஆனால் கணக்குப்பிரிவு நண்பர் ஒருவரோடு உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது, திட்டத்தில் தண்ணீர்ச் செலவை மட்டும்தான் போட்டிருந்தார்கள். அந்தத் தண்ணீரைச் சூடாக்கிய எரிபொருள் பாய்லர் கணக்கில் இருக்கிறது. வெளியே விடுமுன் கொட்டும் ரசாயனம் கழிவுநீர் நிலையத்தின் கணக்கில். அங்கே சேரும் சேற்றை அள்ளிக்கொண்டு போகிறவருக்குக் கொடுக்கும் பணம் நிர்வாகப் பிரிவில், 'இதர செலவுகள்' என்ற தலைப்பில் பதுங்கியிருக்கிறது. எல்லாவற்றையும் ஓரிடத்தில் கூட்டினால் 2 வருடத்துக்குள் பணம் திரும்பிவிடுகிறது.

இது எங்கள் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. கழிவையும் ஒரு தயாரிப்புப் பொருளாகவே பாவித்து, அதற்குள் போன மூலப்பொருள், எரிபொருள், கூலி எல்லாவற்றையும் அதன் தலையில் ஏற்றிப் பார்க்கும் முறைக்கு ஐஎஸ்ஓ 14051 என்று 2011லேயே சர்வதேசத் தரநிலை வந்துவிட்டது. இன்னும் பின்னால் போனால், கழிவு உண்டான பிறகு சுத்தம் செய்வதைவிட உண்டாகும் இடத்திலேயே தடுப்பது லாபம் என்று சொல்லி அமெரிக்காவின் 3எம் நிறுவனம் ஒரு திட்டம் தொடங்கியது 1975இல். எங்கள் அரை நாள் பயிற்சியில் இதற்கு ஒரு ஸ்லைடுகூட இல்லை.

இயக்குநர்களுக்குப் பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. கட்டாயம் வேண்டும். 2023இல் வெளியான ஐஎஃப்ஆர்எஸ் எஸ்2 என்ற காலநிலை அறிக்கைத் தரநிலை, இந்த விஷயத்தை மேற்பார்வையிடும் திறமை இயக்குநர் குழுவுக்கு இருக்கிறதா, அதை எப்படித் தீர்மானிக்கிறீர்கள் என்றே கேட்கிறது. நல்ல கேள்வி. ஆனால் கேள்வித்தாளில் டிக் அடிக்க அரை நாள் பயிற்சி போதும் என்று ஆகிவிட்டால் அதோடு முடிந்தது கதை. இன்னொரு குறுக்குவழியும் இருக்கிறது. ஒரு நிபுணரை இயக்குநராகச் சேர்த்துவிட்டு, பசுமை என்ற பேச்சு வந்தாலே மற்றவர்கள் அவர் பக்கம் திரும்பிப் பார்ப்பது. அவரும் பாவம், தனியாக எத்தனை கேள்வி கேட்பார்?

இன்டர்ஃபேஸ் என்ற தரைவிரிப்பு நிறுவனத்தைத் தொடங்கி நடத்திய ரே ஆண்டர்சனின் கதையை இந்தத் துறையில் எல்லோரும் சொல்வார்கள். 1994இல், சுற்றுச்சூழலுக்கு உங்கள் கம்பெனி என்ன செய்கிறது என்று வாடிக்கையாளர்கள் கேட்க, பதில் சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை. ஒரு புத்தகம் படித்தார், நெஞ்சில் ஈட்டி பாய்ந்தது மாதிரி இருந்தது என்றார். பயிற்சி நடத்துகிறவர்கள் இந்த ஈட்டியோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. 2020க்குள் சுற்றுச்சூழல் பாதிப்பைப் பூஜ்யமாக்க வழி சொல்லுங்கள் என்று தன் ஆட்களிடமே அவர் பிரச்சினையைக் கொடுத்தார். விரிப்பைத் தரையோடு பசை போட்டு ஒட்டாமல், மூலைகளில் ஒன்றோடொன்று இணைக்கும் முறை அப்படி வந்ததுதான். பழைய மீன்வலை நைலான் விரிப்பானதும் அந்த வழியில்தான். மேலே இருப்பவருக்கு விடை தெரிந்திருக்கவில்லை. கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

கேள்வி இல்லாத புதுமை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஃபோக்ஸ்வாகன் என்ற ஜெர்மன் கார் நிறுவனம் இருக்கிறது. வண்டி சோதனையில் நிற்கிறதா சாலையில் ஓடுகிறதா என்று கண்டுபிடித்து, சோதனையில் மட்டும் புகையைக் குறைக்கும் மென்பொருள். 2015இல் அம்பலமானபோது உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி வண்டிகளில் அது இருந்தது. கெட்டிக்காரத்தனத்துக்கு அங்கே குறைச்சலே இல்லை. இவ்வளவு குறைந்த செலவில் இது எப்படி முடிந்தது என்று மேலே யாராவது குடைந்திருந்தால் என்று யோசித்துப் பார்ப்பேன்.

டென்மார்க்கின் ஆர்ஸ்டெட் என்ற மின் நிறுவனம் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய பெயர் டாங் எனர்ஜி. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு என்றிருந்த நிறுவனம். மின்சாரம், வெப்ப உற்பத்தியில் 85 சதவீதம் புதைபடிவ எரிபொருள் என்பதை 2040க்குள் 85 சதவீதம் புதுப்பிக்கத்தக்கது என்று தலைகீழாக்குவோம் என அறிவித்தார்கள். 2019லேயே எட்டிவிட்டார்கள். ஆனால் 2023இல் அமெரிக்கக் கடல் காற்றாலைத் திட்டங்கள் இரண்டைக் கைவிட்டு, பெரிய தொகையை நஷ்டமாக எழுதினார்கள். பயிற்சிகளில் முதல் பாதியை மட்டும் காட்டுகிறார்கள். இரண்டாம் பாதியையும் காட்டினால்தானே, எந்த ரிஸ்க்கை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று இயக்குநர்கள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள்?

எங்கள் வெந்நீர் விஷயம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். புதுக் கணக்கோடு மறுபடி வைத்தோம். ஒரு கேள்வியும் இல்லாமல் பாஸாகிவிட்டது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. போன தடவை ஏன் 4 வருடம் என்றீர்கள் என்று ஒருவராவது கேட்டிருக்கலாம்.

இந்த வருடப் பயிற்சிக்கு நிகழ்ச்சிநிரல் கேட்டு மெயில் வந்தது. காலை 9 மணிக்குக் கழிவுநீர் நிலையத்துக்குப் பாதுகாப்புக் காலணியோடு வர வேண்டும், கடந்த 3 வருடங்களில் போர்டு நிராகரித்த திட்டங்களின் கோப்பைப் படித்துவிட்டு வர வேண்டும் என்று எழுதி அனுப்பினேன். பதில் வந்திருக்கிறது: "குரூப் போட்டோவை எங்கே எடுப்பது?"