கூடப் படித்தவன் இறந்துபோனால், அவனைப் பற்றி எழுதுங்கள்

எங்களோடு பள்ளியில் படித்த நண்பன் ஒருவன் சில மாதங்களுக்கு முன் இறந்துபோனான். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்ததும் 'ஆழ்ந்த இரங்கல்' வரிசையாக விழுந்தது. சிலருக்கு ஆள் யாரென்றே பிடிபடவில்லை; பட்டப்பெயரைச் சொன்ன பிறகுதான் 'ஐயோ, அவனா!' என்றார்கள். மறுநாள் காலையில் யாரோ வணக்கம் சொல்லும் படம் போட, குழு பழையபடி ஓட ஆரம்பித்தது. இதற்காக யாரையும் குறை சொல்ல மாட்டேன். சாவுச் செய்தி வந்த நேரத்தில் யாருக்குமே சட்டென்று வார்த்தை வராது. ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஒரு மாதம் போயிருக்கும். அவனுடைய மகள் எங்களில் ஒருவருக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். "அப்பா ஸ்கூல்ல எப்படி இருப்பார்? உங்களுக்கு ஏதாவது ஞாபகம் இருக்கா அங்கிள்?" அவ்வளவுதான் கேட்டாள்.

அந்தக் கேள்வி என்னை உலுக்கிவிட்டது. ஒரு மனிதனின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அவனுடைய பதினைந்து வயது தெரியாது. பெற்றோருக்குக்கூட வீட்டில் இருந்த பையனைத்தான் தெரியும். வகுப்பறையில் இருந்தவனைத் தெரிந்தவர்கள் நாங்கள் மட்டும்தான். நாங்கள் சொல்லாவிட்டால் அவன் வாழ்க்கையில் அத்தனை வருடங்கள் யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

அவனுக்கு அப்போது திக்குவாய். வருகைப் பதிவு எடுக்கும்போது அவன் பெயர் வந்தால் பதில் சொல்ல மாட்டான், எழுந்து நிற்பான். ஆசிரியர்களும் அவன் எண் வரும்போது தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு அடுத்த பெயருக்குப் போகப் பழகிக்கொண்டார்கள். இடது கைக்காரன், பக்கத்தில் இருப்பவனுக்கு முழங்கை இடிக்கும் என்று பெஞ்சின் இடது ஓரத்தில்தான் உட்காருவான். படம் வரைவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. எங்களில் எத்தனை பேருடைய உயிரியல் ரெக்கார்டு நோட்டில் இருக்கும் இதயமும் சிறுநீரகமும் அவன் கை வரைந்தவை! கேட்டவர்களுக்கெல்லாம் வரைந்து கொடுத்தான். வரைந்து முடித்து அம்புக்குறி போட்டு, பாகங்களின் பெயரை மட்டும் நம்மையே எழுதச் சொல்வான். கையெழுத்து மாறினால் ஆசிரியர் கண்டுபிடித்துவிடுவார் அல்லவா!

இதையெல்லாம் மகளிடம் சொல்லலாமா என்று யோசிக்க வேண்டியிருந்தது. அவளுக்குத் தெரிந்த அப்பா மேடையேறி நன்றாகப் பேசுகிறவர். திக்குவாய் விஷயத்தை அவனே வீட்டில் சொல்லாமல் விட்டிருந்தால் நாம் சொல்வது சரியா? அவன் மனைவியிடம் கேட்டோம். "எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியட்டும்" என்றார். எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்த ஒன்றை மட்டும் கவனியுங்கள். அவனை நோகடித்த பட்டப்பெயர், அவன் மறைக்க விரும்பிய சங்கதி, பழைய காதல் கதை, இதையெல்லாம் நாம் ரசித்துச் சிரித்திருக்கலாம். அவன் வீட்டாருக்கு அது வலியாகவும் இருக்கலாம். அப்புறம், குடும்பம் அறிவிப்பதற்கு முன் முந்திக்கொண்டு பதிவு போடாதீர்கள், எப்படி இறந்தார் என்று பொதுவெளியில் துருவாதீர்கள்.

"இத்தனை வருஷமாகப் பேசவே இல்லை, இப்போது நான் அழுவதற்கு என்ன உரிமை?" என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். பலருக்குள்ளும் இந்தத் தயக்கம் இருக்கிறது. நெருங்கிய உறவு என்று மற்றவர்கள் ஏற்றுக்கொள்ளாததால் வெளியே காட்ட முடியாமல் போகும் துக்கத்தைப் பற்றி கென்னத் டோக்கா என்ற ஆய்வாளர் 1989-இல் ஒரு நூலே கொண்டுவந்தார். பழைய வகுப்புத் தோழனுக்காக அலுவலகத்தில் யாரும் விடுப்பு தரப்போவதில்லை, யாரும் நமக்கு ஆறுதல் சொல்லி வரப்போவதும் இல்லை. அதனால் அந்தத் துக்கம் பொய்யாகிவிடுமா?

இன்னொன்றும் உண்டு. நடுவயதைத் தாண்டியவர்களிடம் பழைய நினைவுகளைக் கேட்டால், ஏறக்குறைய 10 முதல் 30 வயது வரை நடந்தவைதான் அதிகமாக வருகின்றன என்பது உளவியல் ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. பலவற்றை முதன்முதலாகச் செய்வதும், நாம் யார் என்பது உருவாவதும் அந்த வயதில்தான் என்பதைக் காரணமாகச் சொல்கிறார்கள். அந்த நினைவுகளுக்குள் நம்மோடு இருந்தவன் போய்விட்டால் அழுகை வரத்தான் செய்யும். வரட்டும்.

எழுதுவது என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. 'நல்ல மனிதர், எல்லோரிடமும் அன்பாகப் பழகுவார்' என்பது யாருக்கும் பொருந்தும். அந்த மகளுக்கு அதில் புதிதாக எதுவும் கிடைக்காது. எங்கே உட்காருவான், எதற்குப் பயப்படுவான், எந்தப் பாடம் வராது, யாருக்காகப் பரிந்து பேசினான் என்று எழுதுங்கள். நான்கு வரி போதும். வகுப்புப் புகைப்படம் இருந்தால் பெயர்களைக் குறித்து அனுப்புங்கள். முக்கியமாக, குழுவில் போடுவதோடு விடாமல் வீட்டுக்கும் அனுப்புங்கள். குழுவில் போட்டது அடுத்த வாரமே மேலே போய் மறைந்துவிடும்.

முகநூல் கணக்கு பற்றியும் குடும்பத்திடம் மெதுவாகச் சொல்லிவிடுங்கள். இறந்தவரின் பக்கத்தை நினைவுப் பக்கமாக மாற்றும் வசதி 2009 முதலே இருக்கிறது. மாற்றிவிட்டால் அவருடைய பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல்லும்படி யாருக்கும் நினைவூட்டல் போகாது. அவர் போட்ட பதிவுகளும் படங்களும் அப்படியே இருக்கும். நமக்குப் பிறகு நம் பக்கத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவரை முன்கூட்டியே நியமிக்கும் வசதி 2015-இல் வந்தது. அப்படி நியமிக்கப்பட்டவராலும் நம் தனிப்பட்ட செய்திகளைப் படிக்க முடியாது.

எங்கள் வகுப்பில் இதுவரை பாதிப் பேர்கூட எழுதித் தரவில்லை. இதைப் படிக்கிறவர்கள் இன்றைக்கே அனுப்பினால் நல்லது. எழுத வராதவர்கள் குரல் பதிவாகப் பேசி அனுப்புங்கள், நான் தட்டச்சு செய்துகொள்கிறேன். அவன் வரைந்த படத்தோடு ரெக்கார்டு நோட்டு யாரிடமாவது இருந்தால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக் கண்டிப்பாக அனுப்புங்கள். அவன் மகள் அதைக் கேட்டிருக்கிறாள்.