பிலிப்பை மறைத்துவிட்டு அலெக்சாண்டரைப் பேசாதீர்கள்

அலெக்சாண்டரைப் பற்றிய அந்த நேரலையைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. "இருபது வயசுப் பையன், ஒண்ணுமில்லாத நாட்டுலேர்ந்து கிளம்பி உலகத்தையே ஜெயிச்சான்" என்றார் அதில் பேசிய அண்ணன். அலெக்சாண்டரின் அப்பா பிலிப்பைப் பற்றியும் சொல்லுங்கள் என்று கீழே எழுதினேன். சிரித்துவிட்டுக் கடந்துபோனார்கள். சரி, இங்கே எழுதுகிறேன்.

அந்த நாடு, மாசிடோனியா, ஒன்றுமில்லாமல் கிடந்தது கி.மு. 359இல். பக்கத்து நாட்டு இல்லிரியர்களோடு நடந்த ஒரே போரில் மன்னர் மூன்றாம் பெர்டிக்காஸும் 4,000 வீரர்களும் மாண்டார்கள். அங்கிருந்து அதைத் தூக்கி நிறுத்தியவர் அவருடைய தம்பி பிலிப். சிறுவயதில் கிரேக்க நகரமான தீப்ஸில் பிணைக்கைதியாக இருந்தபோது, கிரேக்கத்தின் சிறந்த படையை அருகிலிருந்து பார்த்தவர். 5 மீட்டர் நீளச் சரிசா ஈட்டியை வீரர்கள் கையில் கொடுத்தார். இரண்டு கையாலும் பிடித்தால்தான் அது நிற்கும், கேடயம் தோளில் தொங்கும். படையோடு வண்டி வரக்கூடாது, பத்துக் காலாட்களுக்கு ஒரே வேலையாள், முப்பது நாளைக்கான மாவை அவனவன் முதுகில் சுமக்க வேண்டும். 334இல் மகன் ஆசியாவுக்குக் கூட்டிப்போனது இந்தப் படையைத்தான். தளபதி பார்மேனியன் தலைமையில் முன்படை 336இலேயே, பிலிப் உயிரோடு இருக்கும்போதே, அங்கே இறங்கிவிட்டது.

பள்ளியில் அலெக்சாண்டரின் வெற்றிக்குக் காரணங்கள் கேட்டார்கள், நான் பிலிப்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். முழுப் பக்கத்துக்கும் குறுக்கே சிவப்புக் கோடு, "கேட்டதை மட்டும் எழுது" என்று ஒரு குறிப்பு. கேட்டதைத்தான் எழுதியிருந்தேன். இப்போதும் அதைத்தான் சொல்கிறேன், இப்போதும் அதே கோடுதான்.

"கௌகமேலாவில் பிலிப்பா நின்றார்?" என்பீர்கள். இல்லை, அங்கே பாரசீகப் பேரரசரைத் தோற்கடித்தது அலெக்சாண்டர்தான். அவர் திறமையை யார் மறுத்தது?

"கிரேக்கச் சுதந்திரத்தைக் கொன்றவர் பிலிப்" என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். 348இல் ஒலிந்தஸ் நகரத்தை இடித்து மக்களை அடிமைகளாக விற்றது கொடுமை, அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் எந்தச் சுதந்திரம்? 404இல் ஸ்பார்டா ஏதென்ஸை வீழ்த்தியது பாரசீகப் பணத்தில் கட்டிய கப்பல்களால். பத்து வருஷம்கூட ஆகவில்லை, அதே பாரசீகத் தங்கம் ஸ்பார்டாவின் எதிரிகளுக்குப் போனது. 386இல் கிரேக்க நகரங்களுக்கு அமைதி ஒப்பந்தம் விதித்ததே பாரசீகப் பேரரசர்தான், ஆசியாவில் இருந்த கிரேக்க நகரங்களை எடுத்துக்கொண்டு! அதற்குக் கைகட்டி நின்றவர்கள், 338இல் கைரோனியா போரில் ஏதென்ஸையும் தீப்ஸையும் பிலிப் ஜெயித்ததும் எல்லாம் போச்சு என்றால் எப்படி? இவர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு கிடந்த அந்த இடைவெளியில்தான் மாசிடோனியா எழுந்தது. ஆம்பிபோலிஸ் நகரத்தைப் பிடித்து, பங்கேயான் மலைத் தங்கத்தைக் கைப்பற்றி, காசு சேர்த்து, குதிரைப்படை வளர்த்து, மெத்தோனே நகர முற்றுகையில் ஒரு கண்ணையும் பறிகொடுத்து, இருபது வருஷத்துக்கும் மேல் ஒருவர் செய்த வேலை இது. அதை ஒரே வாக்கியத்தில் அழித்துவிட்டு, கேட்டவனைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள்.

"கிரேக்கர்கள் ஒன்றுசேர்ந்து பாரசீகத்தைப் பழிவாங்கினார்கள்" என்று இன்னொருவர். ஆசியாவில் அலெக்சாண்டரின் முதல் பெரிய போரில், கிரானிகஸ் ஆற்றங்கரையில் பாரசீகர் பக்கம் நின்று, மாசிடோனியர்களை எதிர்த்துச் செத்த கூலிப்படையினர் யார்? கிரேக்கர்கள்தானே? அதற்குப் பதில் சொல்லிவிட்டு அப்புறம் எனக்கு வரலாறு சொல்லிக்கொடுங்கள்.