பெட்டியில் இருந்தவை எட்டே பொருட்கள்

ரஷ்ய எழுத்தாளர் செர்கெய் தொவ்லாத்தவ் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் அவரைச் சோவியத் ஒடுக்குமுறைக்குப் பலியானவராக மட்டும் காட்டியது எனக்குப் போதவில்லை. கட்டாய ராணுவ சேவையில் ரஷ்யாவின் வடக்கே கோமி பகுதியில் சிறை முகாம் காவலராக நின்றவர் அவர். கம்பிக்கு இந்தப் பக்கம் துப்பாக்கியோடு இருந்தவர். கைதியும் காவலனும் அத்தனை வித்தியாசமானவர்கள் இல்லை என்று அவரால் எழுத முடிந்தது அதனால்தான்.

அப்புறம், எஸ்தோனியத் தலைநகர் டாலினில் நடந்ததை நீங்கள் தொடவே இல்லையே? 70களில் அவருடைய சிறுகதைத் தொகுப்பு அச்சுக்குத் தயாராக இருந்தது. சோவியத் உளவுத்துறையான கேஜிபி தலையிட்டது, அச்சுக் கோத்ததைக் கலைத்துவிட்டார்கள். சிறை முகாம் பற்றி அவர் எழுதிய கதைகளோ, பக்கங்களைச் சின்னதாகப் படம்பிடித்த மைக்ரோஃபிலிமில் துண்டு துண்டாக வெளியே கடத்தப்பட்டன. சில துண்டுகள் வழியிலேயே தொலைந்தும் போயின.

1978இல் சோவியத் நாட்டைவிட்டுக் கிளம்பி, வியன்னா வழியாக நியூயார்க் போய்ச் சேர்ந்தார். கூட வந்தது ஒரே ஒரு பெட்டி. பின்லாந்து காலுறை, அதிகாரியின் இடுப்பு வார், பாப்ளின் சட்டை என்று அதிலிருந்த எட்டுப் பொருட்களுக்கும் ஆளுக்கொரு கதையாக எழுதி ஒரு புத்தகமே போட்டார். எனக்குப் பிடித்தது காலுறைக் கதைதான், கள்ளச்சந்தை வியாபாரம் ஊற்றிக்கொள்வதை அப்படிச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருப்பார்.

அங்கே ரஷ்ய வார இதழ் ஒன்றின் ஆசிரியராக இருந்தார், 'நியூயார்க்கர்' என்ற அமெரிக்க இதழ் அவர் கதைகளை வெளியிட்டது. சரி, சொந்த ஊரில்? அங்கே புத்தகங்கள் வரத் தொடங்கிய நேரத்தில், 1990 ஆகஸ்டில், 48 வயதில் போய்விட்டார்.