ஒரு பிளக் பாயிண்ட்டுக்கு இத்தனை பாடா?

எங்கள் ஆர்.வி. வண்டியில், அதாவது சக்கரம் வைத்த வீட்டில், சமையல் மேடை பிளக் பாயிண்ட் மறுபடியும் செத்துவிட்டது. எத்தனையாவது முறை என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். பிரேக்கர் சரியாக இருக்கிறது. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் தேடினால், கோளாறு எங்கே? குளியலறையில்! அங்கிருக்கும் ஜி.எஃப்.சி.ஐ. பாயிண்ட், அதாவது கரண்ட் கசிந்தால் தானே துண்டித்துக்கொள்ளும் பாயிண்ட், டிரிப் ஆகியிருக்கிறது. சமையல் மேடை, வெளிச்சுவர் எல்லாவற்றுக்கும் அதன் வழியாகத்தான் கரண்ட் போகிறது. ராத்திரி மழையில் வெளிச்சுவர் பாயிண்ட் நனைந்திருக்கிறது. 5 மில்லி ஆம்பியர் கசிந்தாலே ஜி.எஃப்.சி.ஐ. துண்டித்துவிடும். உயிரைக் காக்கிற சாமான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எது எதோடு சேர்ந்தது என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டினால் கை தேய்ந்தா போய்விடும்?

சரி, படுக்கை பக்கம் புதிதாக ஒன்று வைக்கலாம் என்று பார்த்தேன். வீட்டுச் சுவர் மாதிரி பெட்டி பதிக்க இடமேது? சுவரின் கனமே 2 அங்குலம் இல்லை. பழைய பாயிண்ட்டைக் கழற்றினால் பின்னால் ஸ்குரூவும் இல்லை, பெட்டியும் இல்லை. ஒயரை அப்படியே பிளேடு போன்ற தகட்டுக்குள் அழுத்திச் சொருகியிருக்கிறார்கள். நெடுஞ்சாலையில் குலுங்கிக் குலுங்கி அது தளர்ந்து, பிளாஸ்டிக் சூட்டில் பழுப்பேறிக் கிடக்கிறது. பிள்ளைகள் தலைமாட்டில்! இதைப் பார்த்த பிறகு எப்படித் தூக்கம் வரும்?

அப்புறம் வண்டி முழுவதற்கும் சேர்த்து வருகிற இந்த 30 ஆம்பியர் இணைப்பு. 120 வோல்ட்டுக்கு மொத்தமே 3600 வாட். ஏசி ஓடும்போது மைக்ரோவேவையும் கெட்டிலையும் போட்டால் எல்லாம் அணைந்துவிடுகிறது. ஒரு டம்ளர் பால் சூடாக்க ஏசியை நிறுத்த வேண்டுமாம், அதுவும் அரிசோனா வெயிலில்!