பலன் கேக்காம வாசிக்க விடுங்கப்பா

ஒக்டோபர் வந்தாப் போதும், எங்கட திருகோணமலை டவுன்ல இருந்து கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் வரைக்கும் பள்ளிக்கூட மதிலெல்லாம் தேசிய வாசிப்பு மாதம் எண்டு பெனர் தொங்கும், உள்ளுக்க ஒரு பிள்ளை மைக்குக்கு முன்னால நிண்டு "வாசிப்பு மனிதனைப் பூரணமாக்கும்" எண்டு மூச்சு விடாமச் சொல்லிக்கொண்டிருக்கும். பேச்ச எழுதிக் குடுத்தது அம்மா, பாடமாக்கினது பிள்ளை, ரெண்டு பேரும் அந்த மாசம் ஒரு கதைப்புத்தகம் கூடத் தொட்டிருக்க மாட்டாங்க. நேரம் எங்க? பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, அதுக்கு மேல டியூசன்.

இந்த வசனத்தச் சொன்ன இங்கிலாந்துத் தத்துவஞானி பிரான்சிஸ் பேக்கன் ஆள் பாவம். 1597ல வந்த அவர்ட கட்டுரையில இருக்கிற வசனம் அது. ஆனா அந்தக் கட்டுரை தொடங்குறதே வேற மாதிரி. படிப்பு எதுக்கு உதவும் எண்டு மூண்டு விசயம் சொல்லுறார், அதுல முதலாவது பொழுதுபோக்கு. பிறகு 1625ல திருத்தி எழுதேக்கயும் முதலாவது இடம் இன்பத்துக்குத்தான், திறமை எல்லாம் அதுக்குப் பிறகு. சில புத்தகத்த ருசி பாத்தாப் போதும், சிலத விழுங்கலாம், கொஞ்சத்தத்தான் மென்டு சமிக்கச் செய்யோணும் எண்டும் அதே கட்டுரையிலதான் இருக்கு. இதுகள ஏன் ஒரு பெனர்லயும் காணேல்ல? ஏனெண்டா பிள்ளை ருசி பாத்திட்டு மூடி வச்சா எங்களுக்குப் பொறுக்காது, "எடுத்தத முடி" எண்டு நிப்பம்.

நான் சொல்ல வாறது இவ்வளவுதான், வாசிக்கிறது சந்தோசமா இருக்கு, அதாலதான் வாசிக்கிறது. பலன் வந்தா வரட்டும், வராட்டி என்ன.

எங்கட கொட்டியாரக் குடாவிலயே இதுக்கு ஒரு ஆள் இருக்கிறார். ரொபர்ட் நொக்ஸ் எண்ட இங்கிலீசு மாலுமி. புயல்ல பாய்மரம் போன கப்பலத் திருத்த எண்டு வந்து 1660ல மூதூர்ப் பக்கம் வச்சு தகப்பனோட கண்டி ராசாவின்ட ஆக்களிட்ட பிடிபட்டவர். கிட்டத்தட்ட 19 வருசம் சிறை, சிறை எண்டா கூண்டில்ல, ஊரோட இருக்கலாம், வெளியால போக ஏலாது. தகப்பன் மலேரியாவோ என்னவோ காய்ச்சல்ல செத்துப்போக, கையில இருந்தது ரெண்டே ரெண்டு சமயப் புத்தகம், திருப்பித் திருப்பி வாசிச்சு கிட்டத்தட்ட மனப்பாடம். பிறகு ஒரு நாள் ஆத்தங்கரையில தூண்டில் போட்டுக்கொண்டு நிக்கேக்க அந்த வழியால வந்த கிழவர் ஒருத்தர் இந்த ஆளுக்கு வாசிக்கத் தெரியுமோ எண்டு கேக்கிறார், பாத்தா கிழவர்ட கையில இங்கிலீசு பைபிள்! போர்த்துக்கீசர் கொழும்ப விட்டுப் போன நேரம் அவருக்குக் கிடைச்சது. இருக்கிற காசெல்லாம் குடுக்கவும் நொக்ஸ் தயார்தான், கடைசியில பின்னின தொப்பி ஒண்டுக்கு அது கைக்கு வந்திட்டு. 1679ல தப்பி, 1681ல லண்டன்ல இலங்கையப் பற்றி அவர் எழுதின புத்தகம் வெளிவந்தது, இண்டைக்கும் சரித்திரம் படிக்கிறவங்க அதத் தேடிப் போறாங்க. அவருக்கு பைபிள் பக்தி, அது வேற. ஆனா பேசுறதுக்கு ஆளில்லாத ஊர்ல எழுத்தக் கண்ட உடன அந்த மனுசனுக்கு வந்த துடிப்பு இருக்கே, அத வாசிக்கிற ஆக்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்ல.

எங்கட வீட்டில பெரியம்மா ஒராள் வாரச் சஞ்சிகையில வந்த தொடர்கதையள ஒவ்வொரு கிழமையும் வெட்டி எடுத்து ஊசி நூலால கட்டி, பழைய கலண்டர் மட்டையில அட்டை போட்டு வச்சிருந்தா. நடுவில ரெண்டு மூண்டு கிழமை இருக்காது, புத்தகம் ஊருக்கு வந்து சேராத கிழமையள். அந்த இடத்தில என்ன நடந்திருக்கும் எண்டு நாங்களே கதை கட்டுவம், அவ ஒரு மாதிரிச் சொல்லுவா, சித்தி அதில்ல எண்டு சண்டைக்கு வருவா. அதில இருந்த சுகம் முழுசா அச்சடிச்ச நாவல்ல எனக்கு இன்னும் கிடைக்கேல்ல. அந்தக் கட்டுப்புத்தகம் எல்லாம் 90ல இடம்பெயரேக்க தகரப்பெட்டியோட போயிட்டு. இந்த ஊர்ல ஆரிட்டக் கேட்டாலும் இப்பிடி ஒரு பெட்டிக்கதை இருக்கும்.

இப்ப ஆராய்ச்சிக் கதைக்கு வாறன், ஏனெண்டா கொமண்ட்ல ஆராவது கட்டாயம் கொண்டு வருவீங்க. 2016ல யேல் பல்கலைக்கழக ஆக்கள் 50 வயசுக்கு மேற்பட்ட 3,635 பேரின்ட தரவ வச்சுப் பாத்ததில புத்தகம் வாசிக்கிறவங்க வாசிக்காதவங்கள விட கிட்டத்தட்ட 23 மாசம் கூட உயிரோட இருந்தாங்களாம். சந்தோசம். ஆனா வாசிச்சதாலதான் எண்டு அது நிரூபிக்கேல்ல, சேந்து வந்திருக்கு, அவ்வளவுதான். இன்னொண்டு 2018ல வந்தது, 54 ஆய்வுகள ஒண்டாப் போட்டுப் பாத்தது. பாடம், தகவல் மாதிரியானத ஸ்கிரீன்ல வாசிச்சா கடதாசியில வாசிக்கிற அளவுக்கு விளங்கிறது குறைவு, நேரம் கட்டி வாசிக்கச் சொன்னா இன்னும் மோசம். ஆனா கதையில அப்பிடி ஒரு வித்தியாசம் காணேல்ல. எனக்கு இது நல்ல செய்தி, போன்ல நாவல் வாசிக்கிறதுக்கு இனி ஆரும் குறை சொல்ல ஏலாது.

போன்ல வாசிக்க என்ன இருக்கு எண்டு கேக்காதீங்க. 1981ல யாழ்ப்பாண நூலகத்தில கிட்டத்தட்ட 97,000 புத்தகம் எரிஞ்ச இனம் நாங்க, அதுக்குப் பிறகு 2005ல தொடங்கின நூலகம் இணையத்தளத்தில ஈழத்துப் புத்தகம், பழைய சஞ்சிகை எல்லாம் ஸ்கேன் பண்ணி சும்மா போட்டிருக்கிறாங்க. எங்கட மூதூர் வ.அ. இராசரத்தினத்தையும் அங்க தேடிப் பாருங்க. 1962ல சாகித்திய பரிசு எடுத்த மனுசன், நாங்க தினம் பாக்கிற கடலையும் சனத்தையும் எழுதினவர். தெரிஞ்ச இடத்த எழுத்தில காணேக்க வாற சிரிப்பு தனி.

கடையில வாங்கிறதெண்டா கஸ்டம்தான், இந்தியப் புத்தகத்தின்ட விலைய இலங்கைக் காசுக்கு மாத்திப் பாத்தாலே புத்தகத்த திருப்பி வச்சிட்டு வரத் தோணும். அதுக்கு லைப்ரரி இருக்கு, மெம்பராகுங்க.

அம்மாமாருக்கும் டீச்சர்மாருக்கும் ஒண்டு. பிள்ளை பேய்க்கதை வாசிச்சா விடுங்க, காமிக்ஸ் வாசிச்சா விடுங்க, கடைசிப் பக்கத்த முதல்ல பாத்தாலும் விடுங்க. வாசிச்சு முடிச்ச உடன "இதுல என்ன படிச்சனி" எண்டு மட்டும் கேக்க வேணாம், கேட்டா அடுத்த புத்தகம் எடுக்காது. வாற ஒக்டோபர்ல ஒரு பாடவேளை, ஒண்டே ஒண்டு, பேச்சும் இல்லாம எழுத்தும் இல்லாம சும்மா வாசிக்க விட்டுப் பாருங்க. புலமைப்பரிசில் அதால ஒண்டும் குறையாது.

என்னட்ட ரெண்டு பெட்டி கிடக்கு, சிறுவர் கதை, துப்பறியும் நாவல், கொஞ்சம் அட்டை இல்லாதது. உவர்மலை, உப்புவெளிப் பக்கம் உள்ளவங்க வேணுமெண்டா இன்பொக்ஸ்ல சொல்லுங்க, கொண்டு வந்து தாறன். திருப்பித் தராட்டியும் பரவாயில்ல எண்டு சொல்ல ஆசைதான், ஆனா தந்திடுங்க.