தக்கைப்பூண்டு உப்பைக் குடிக்காது

ஒருவர், கடலோர நிலத்தில் தக்கைப்பூண்டு (பசுந்தாள் உரத்துக்காக வளர்க்கும் செடி) விதைத்தால் அது உப்பை உறிஞ்சிவிடும், அடுத்ததே உளுந்து போடலாம் என்று எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. தக்கைப்பூண்டு உப்பைத் தாங்கும், மறுப்பில்லை. ஆனால் 45 நாளில், பூக்கும் சமயத்தில், அதை அதே வயலில்தானே மடக்கி உழுகிறோம்? உறிஞ்சிய கொஞ்ச உப்பும் அங்கேயே திரும்பிவிடுமே, எங்கே போகும்? அது செய்வது வேறு வேலை: வேர் இறுகிய மண்ணைத் திறந்துவிடும், மட்கும்போது வரும் அமிலம் மண்ணிலுள்ள சுண்ணாம்பைக் கரைக்கும், கரைந்த சுண்ணாம்பு மண்ணோடு ஒட்டியிருக்கும் சோடியத்தைக் கழற்றிவிடும். கழன்றதைக் கீழே இறக்க நல்ல தண்ணீரும் வடிகாலும் வேண்டும். 2004 சுனாமிக்கு அப்புறம் நாகப்பட்டினம் பக்கம் ஜிப்சமும் (சோடியத்தைக் கழற்றப் போடும் சுண்ணாம்புச்சத்துள்ள தாது) தக்கைப்பூண்டும் போட்டார்கள்தான், ஆனால் உப்பைக் கழுவியதில் பெரும்பங்கு 2005 வடகிழக்குப் பருவமழைக்கு.

அப்புறம் உளுந்து, பச்சைப்பயறு. இரண்டுமே உப்புக்குப் பயந்த பயிர்கள், தட்டைப்பயறு கொஞ்சம் தேவலை. நெல் அறுவடைக்கு முன் தையில் விதையைத் தெளித்தால் நன்றாகத்தான் முளைக்கும், பங்குனியில் ஈரம் காயக் காய உப்பு மேலேறி வரப்போரம் வெள்ளையாய்ப் பூக்கும், இலை ஓரம் கருகும். ஒரு செடியைப் பிடுங்கி வேர் முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் வேலை நடக்கிறது. உப்பு மண்ணில் முடிச்சே அரிதாகத்தான் இருக்கும், ஏனென்றால் செடி வாடுவதற்கு முன்பே முடிச்சுப் பிடிப்பது குறைந்துவிடும். விதை வாங்கும் முன் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுங்கள், உவர்நிலமா (உப்பு மிகுந்தது) களர்நிலமா (சோடியம் ஒட்டியது, ஜிப்சம் இதற்குத்தான்) என்று தெரியாமல் ஜிப்சம் மூட்டை இறக்குவதும் வீண் செலவுதான்.