அந்த மேசையில் என்ன பேசினோம் என்று கேட்டீர்களா?

வாலிபர்களோடு நான் ஆடும் பகடை விளையாட்டைத் தாக்கி ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலில் நடந்த பிரசங்கத்தை மறுபடி எழுதப் போவதில்லை. இந்நேரம் உங்களில் பாதிப் பேருக்கு ஆடியோவே வந்து சேர்ந்திருக்கும். "சபைக்குள்ளே சூதாட்டப் பகடையும் வலுசர்ப்பமும் நுழைந்துவிட்டது" என்று தேவசெய்தி கொடுக்க வந்த ஊழியக்கார ஐயா குரலை உயர்த்துகிற இடத்திலிருந்து வெட்டி அனுப்பியிருக்கிறார்கள். எடிட்டிங் நன்றாக இருந்தது, பாராட்டுகள்.

"பேர் சொல்லலையே அக்கா, உங்களைத்தான் சொன்னார்னு ஏன் எடுத்துக்கிறீங்க?" என்று இன்பாக்ஸில் கேட்கிறார்கள். சென்னைப் புறநகரில் வாலிபர் ஐக்கியத்தில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டிக் கூட்டாகக் கதை சொல்கிற விளையாட்டு; டிராகன்தான் ஐயாவின் வலுசர்ப்பம்) ஆடுகிற இன்னொரு சபை இருந்தால் சொல்லுங்கள், அடுத்த வாரமே உறுப்பினர் மாற்றக் கடிதம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறேன்.

என்னிடம் இருப்பது ஒரே கேள்விதான். அந்த மேசையில் என்ன பேசினோம் என்று ஒருவராவது கேட்டீர்களா? ஐயாவுக்குத் தகவல் கொடுத்தவர் கேட்டாரா? கமிட்டியில் யாராவது கேட்டார்களா? இல்லை. பகடையைப் பார்த்தீர்கள், டிராகன் படத்தைப் பார்த்தீர்கள், அதோடு தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

சரி, கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம், பாரிஷ் ஹாலில் இரண்டு பிளாஸ்டிக் மேசையைச் சேர்த்துப் போட்டிருந்தோம். ஜெராக்ஸ் எடுத்த தாள்கள், பென்சில், டீ, மாரி பிஸ்கட். கதையை நடத்துகிறவள் நான். ஆளுக்கொரு கதாபாத்திரம். ஒரு காரியம் செய்ய வேண்டுமானால் 20 பக்கப் பகடையை உருட்ட வேண்டும். விழுந்த எண்ணோடு அந்தக் கதாபாத்திரத்தின் திறமைக்கான எண்ணைக் கூட்டி, நான் மனதில் வைத்திருக்கும் எண்ணைத் தொட்டால் காரியம் நடக்கும். பணம் கிடையாது, பந்தயம் கிடையாது. பிஸ்கட்கூட எல்லோருக்கும் பொது.

காலேஜ் படிக்கும் ஒரு பையன், கதையில் திருடன். மாயமாக மறைந்துபோய்க் கூட்டாளிகளுடைய பையிலிருந்தே மருந்துக் குப்பியை எடுத்துவிட்டான். பகடையில் 19 விழுந்தது, எவருக்கும் தெரியவில்லை. எனக்கும் அவனுக்கும் மட்டும் தெரியும். கொஞ்ச நேரம் கழித்துக் கூட்டத்தில் ஒருத்திக்குப் பலமான காயம். பையைத் திறந்தால் குப்பி இல்லை. விதிப்படி அவன் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே கிடையாது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "நான்தான் எடுத்தேன்" என்றான்.

பூசாரி கதாபாத்திரம் ஆடிய பெண் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அக்கா, இவனைக் கதையில மன்னிக்கணுமா, நிஜமாவே மன்னிக்கணுமா?"

அதற்கு மேல் ஆட்டம் நகரவில்லை. இயேசுவைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்த பேதுருவில் ஆரம்பித்து, சேவல் கூவியதில் நின்று, அவரை மறுபடி சேர்த்துக்கொள்ளக் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி மீன் சுட்டு வைத்திருந்த இயேசு வரைக்கும் போனோம். பைபிளை எடுங்கள் என்று நான் சொல்லவில்லை, போனிலேயே தேடி எடுத்தார்கள். எல்லோரும் போன பிறகு அந்தப் பையன் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே, தனக்கு அரியர் விழுந்ததை வீட்டில் மறைத்து வைத்திருப்பதைச் சொன்னான். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அன்று ராத்திரியே அப்பாவிடம் சொல்லிவிட்டான். அவர் எனக்கு போன் செய்து தழுதழுத்தார். அதே மனிதர் ஞாயிறன்று ஐயா பேசும்போது தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அவரை நான் குறை சொல்லவில்லை. (கொஞ்சம் சொல்கிறேன்.)

இதுதான் அந்த மேசையில் நடந்தது. வாலிபர் கூட்டங்களில் "பாவ அறிக்கை செய்யுங்கள்" என்று கீபோர்டு பின்னணியில் எத்தனை வருடமாகக் கெஞ்சியிருக்கிறோம்?

இனி உங்கள் வசனங்களுக்கு வருவோம். கமெண்டில் வரிசையாக வரும், நானே முந்திக்கொள்கிறேன்.

"சிலுவையின் அடியில் இயேசுவின் உடைக்காகச் சேவகர்கள் சீட்டுப் போட்டார்களே, அதுவும் சூதுதானே." போட்டார்கள். அப்போஸ்தலர் முதலாம் அதிகாரத்தில் யூதாஸின் இடத்துக்கு மத்தியாவைத் தேர்ந்தெடுத்ததும் சீட்டுப் போட்டுத்தான். "சீட்டு மடியிலே போடப்படும், காரியசித்தியோ கர்த்தரால் வரும்" என்று நீதிமொழிகளில் இருக்கிறது. அடிதடி, கோர்ட்டு, கேஸ் இல்லாமல் ஒரு திருமண்டல (டயோசிஸ்) தேர்தலை நடத்த முடியாத நாம் பகடையைப் பற்றிப் பேசுவது எனக்குச் சிரிப்பாக இருக்கிறது.

"மந்திரம் வருகிறதே, உபாகமம் 18 தெரியாதா?" தெரியும். சூனியம் கூடாது என்கிற அந்த வசனத்தில் சூனியக்காரனுக்கு முன்னாலேயே குறிசொல்லுகிறவனும் இருக்கிறான். அப்படியானால் கிறிஸ்தவக் கவிஞர் தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரை என்ன செய்வோம்? ஊரெல்லாம் குறவஞ்சி நாடகம் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், அதே குறத்தியையும் அதே குறியையும் எடுத்துத்தான் அவர் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். அவர் கீர்த்தனைகளை ஞாயிறுதோறும் பாடிவிட்டு வந்துதான் என்னைத் திட்டுகிறீர்கள். அந்தக் காலத்திலும் "கூத்து மேடைச் சமாச்சாரம் கோயிலுக்குள்ளா" என்று முகத்தைச் சுளித்தவர்கள் இல்லாமலா இருந்திருப்பார்கள்? பாளையங்கோட்டைப் பக்கத்துக் கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் 1894-ல் வந்தது. அதற்கு மூலம் ஜான் பனியன் 1678-ல் எழுதிய மோட்சப் பயணக் கதை. அதில் கோட்டை, அரக்கன், வாள்சண்டை எல்லாம் உண்டு. வலுசர்ப்பச் சிறகோடு அப்பொல்லியோன் என்கிற பிசாசு வந்து வழிமறிக்கிறான். அதைப் பரிசளிப்பு விழாவில் கொடுப்போம். நான் செய்தால் மட்டும் வலுசர்ப்பம் நுழைந்துவிட்டது.

எனக்கு இதெல்லாம் இன்டர்நெட் கற்றுக்கொடுத்தது என்று நினைக்கிறார்கள். என் தாத்தா திருநெல்வேலிச் சீமையில் உபதேசியார், சபையில் போதிக்கிற ஊழியர். வெள்ளை வேட்டி, ஜிப்பா, கையில் குடை. அவர் டவுனுக்குப் போய்த் திரும்பும்போது முறுக்குப் பொட்டலத்தோடு முத்து காமிக்ஸும் வரும். 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் ஆரம்பித்ததே இரும்புக்கை மாயாவியை வைத்துத்தான். மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடம்பு மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். நான் படித்து முடிக்கிற வரைக்கும் பொறுக்காமல் தாத்தா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துப் படிப்பார்.

ஒருநாள் குடும்ப ஜெபத்தில் 139-ஆம் சங்கீதம். "உம்முடைய ஆவிக்கு மறைவாக எங்கே போவேன்? உம்முடைய சமுகத்தை விட்டு எங்கே ஓடுவேன்?" வாசித்து முடித்துவிட்டுத் தாத்தா கண்ணாடியைக் கழற்றினார். "ஏட்டி, உன் மாயாவிக்குக் கையாவது தெரியும். ஒண்ணுமே தெரியாம மறைஞ்சு நிக்க உன்னால முடியும்னா, நீ என்ன செய்வ?" ஆச்சி சமையல்கட்டிலிருந்து, "மொதல்ல உங்க முறுக்க எடுத்துத் திம்பா" என்றாள். ஜெபம் அதோடு கலைந்தது. ஆனால் அந்தக் கேள்வி இன்றுவரை என்னை விடவில்லை. சனிக்கிழமை நான் நடத்திய கதைக்கு விதை அதுதான். என் இறையியல் படிப்பு அந்தத் திண்ணையில் முடிந்தது. ஐயாவுடையது எங்கே என்று நான் கேட்கவில்லை.

"உலகத்திலும் உலகத்திலுள்ளவைகளிலும் அன்புகூராதிருங்கள்." இதையும் சொல்லிவிட்டார்கள். சொன்னவரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் சிஎஸ்கே மஞ்சள் ஜெர்சி. ஐயாவும் அதே செய்தியில் டைட்டானிக் கப்பலை நீளமாக உதாரணம் காட்டினார், அது எந்த லோகமோ. பவுல் அத்தேனேயில் நின்று "உங்கள் புலவர்களிலும் சிலர்" என்று கிரேக்கர்களின் கவிதையையே எடுத்துப் பேசினார். அங்கே இருந்தவர்களுக்குத் தெரிந்தது அந்தக் கவிதைதான். எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்தது மிடில் எர்த்தும் மார்வெலும்.

மிடில் எர்த் என்றதும், அந்தக் கற்பனை உலகத்தை எழுதிய டோல்கீன் என்னமோ மந்திரவாதி என்று நினைப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. அவருடைய அம்மா 1900-ல் கத்தோலிக்கராக மாறியதால் சொந்தக்காரர்கள் கைவிட்டார்கள். மகனுக்கு 12 வயதிருக்கும்போது இறந்துபோனார். வளர்ப்புப் பொறுப்பை ஏற்றவர் ஒரு பாதிரியார். தன்னுடைய லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் நாவல் அடிப்படையில் சமயம் சார்ந்த, கத்தோலிக்கப் படைப்பு என்று டோல்கீனே 1953-ல் சேசு சபையைச் சேர்ந்த ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். கதையில் மோதிரம் அழிகிற தேதி மார்ச் 25. சபைப் பஞ்சாங்கத்தைப் பாருங்கள், மரியாளுக்குத் தேவதூதன் மங்கள வார்த்தை சொன்ன திருநாள். அந்த மோதிரம் செய்கிற வேலை என்ன? போட்டவனை மறைக்கும். என் தாத்தாவின் கேள்விதான்!

1931-ல் ஆக்ஸ்போர்டில் ராத்திரி நேரம் நடந்துகொண்டே பழைய புராணக் கதைகளைப் பற்றி டோல்கீனும் இன்னொரு நண்பரும் பேசியதுதான், ஒருகாலத்தில் நாத்திகராக இருந்த நார்னியா கதாசிரியர் சி. எஸ். லூயிஸ் கிறிஸ்துவிடம் வரக் காரணமான பேச்சு. நம்முடைய பிரசங்கங்களில் லூயிஸை மேற்கோள் காட்டுவார்கள். எப்படி வந்தார் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

இந்தப் பயம் நம் ஊர்ப் பயம்கூட இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். 1974-ல் அமெரிக்காவில் இந்த விளையாட்டு வந்தது. எண்பதுகளில் அங்கே பிசாசுப் பீதி கிளம்பியது. 1984-ல் ஜாக் சிக் என்பவர் இந்த விளையாட்டைச் சூனியத்தில் கொண்டுபோய்விடும் வாசலாகக் காட்டி ஒரு குட்டிப் படக்கதைத் துண்டுப்பிரசுரம் போட்டார். அங்கே எப்போதோ ஓய்ந்துபோன பீதி, இங்கே தாம்பரம் தாண்டி இறங்கியிருக்கிறது, அதுவும் பிரசங்க பீடத்தில்.

"கம்ப்யூட்டர் ஆட்களுக்கு விசுவாசம் குறைவு" என்று ஆடியோவின் கடைசியில் ஒரு வரி. சாஃப்ட்வேரில்தான் எனக்குச் சோறு என்பதால் இது சுருக்கென்று தைத்தது. டொனால்ட் நூத், எங்கள் தொழிலில் பெரிய பெயர், லுத்தரன் சபைக்காரர். பைபிளின் ஏறக்குறைய ஒவ்வொரு புத்தகத்திலும் 3-ஆம் அதிகாரம் 16-ஆம் வசனத்தை மட்டும் எடுத்துத் தோண்டித் துருவி ஒரு புத்தகமே எழுதினார். மாதிரி எடுத்து ஆராய்கிற கணக்கு மூளை, அப்படியே வேதத்துக்குத் திரும்பியிருக்கிறது. 1987-ல் பெர்ல் என்கிற கம்ப்யூட்டர் மொழியைக் கொடுத்த லாரி வால், மனைவியோடு மிஷனரியாகப் போய் எழுத்தில்லாத ஒரு மொழிக்கு பைபிள் கொண்டுபோக வேண்டும் என்று மொழியியல் படித்தவர். உடல்நிலை இடம் கொடுக்கவில்லை. நானும் ராத்திரி டிப்ளாய்மென்ட் (புது சாஃப்ட்வேரை சர்வரில் ஏற்றுகிற வேலை) முடிந்து, சர்வர் எழுந்திருக்கிற வரைக்கும் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன் ஐயா. அதற்குக் கன்வென்ஷன் (நற்செய்திக் கூட்டம்) பந்தல் தேவைப்படவில்லை.

கதையே வேதத்தின் இடத்தைப் பிடித்துவிடாதா என்று ஒரு ரிட்டயர்டு டீச்சர் பொறுமையாகக் கேட்டார். நல்ல கேள்வி. ஆபத்து இருக்கிறது, கவனமாக இருக்கிறேன், அவரிடம் நேரில் பேசுவேன். ஆனால் அவர் என்னிடம் வந்து கேட்டார். மைக்கில் கேட்கவில்லை.

அதுதான் எனக்கு வலிக்கிறது. இத்தனை வருடம் ஞாயிறு பள்ளியில் ஃபிளானல் போர்டில் (படம் ஒட்டும் துணிப் பலகை) நோவாவை ஒட்டியபோது என் விசுவாசத்தைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வி.பி.எஸ்.ஸில் (விடுமுறை வேதாகமப் பள்ளி) டைரக்டர் வராத நாளில் பாட்டும் ஆக்‌ஷனும் நான்தான். இப்போது, "ரெண்டு பிள்ளை பெத்தவளுக்குப் பொம்மைப் பகடை எதுக்கு, வாலிபப் பையன்களோட ஒரே மேசையில என்ன வேலை" என்று என் அம்மாவுக்கு போன் போகிறது. அம்மாவுக்கு எழுபது வயது, பிரஷர் இருக்கிறது. இதே விளையாட்டை ஒரு ஆண் நடத்தியிருந்தால் "தம்பிக்கு என்னா டேலண்ட்" என்று சொல்லியிருப்பீர்கள். ஹால் சாவியைக் கேட்டு வாட்ச்மேனை அனுப்பினீர்கள். கொடுத்துவிட்டேன். அந்த மனிதர்தான் பாவம், என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனார்.

சாவி உங்களுடையது, ஹால் உங்களுடையது. சனிக்கிழமை ஆறு மணிக்கு எங்கள் மொட்டைமாடியில் கூடுவோம். பெற்றோர் யார் வேண்டுமானாலும் வரலாம், கூட உட்கார்ந்து ஆடலாம். ஊழியக்கார ஐயா வருவதானால் அவருக்கும் ஒரு கதாபாத்திரத் தாள் எடுத்து வைக்கிறேன்.

கடைசியாக, சபை வாட்ஸ்அப் குரூப்பில் கிடக்கிற அந்த போட்டோ. ஜன்னல் வழியாக எடுத்தது. பதினெட்டு ஆகாத பிள்ளைகளின் முகம் அதில் அப்படியே தெரிகிறது, மேலே சிவப்பு எழுத்தில் "பிசாசின் பிடியில்" என்று போட்டிருக்கிறீர்கள். அதில் ஒருத்தி செவ்வாய்க்கிழமையிலிருந்து டியூஷனுக்குப் போகவில்லை. அட்மின் யார் என்று எல்லோருக்கும் தெரியும். முதலில் அந்தப் படத்தை அழியுங்கள். என் விசுவாசத்தை அப்புறம் விசாரிக்கலாம்.